மேல் வால்வு, கீழ் வால்வு

தக்காளி வெடிக்கும்போது சத்தம் வராது. வந்தாலாவது ஓடிப்போய்ப் பார்க்கலாம். மழை விட்ட மறுநாள் செடிக்குள் கையை விட்டுக் காயைத் திருப்பினால்தான் தெரியும். காம்பைச் சுற்றி வட்டமாகவோ, மேலிருந்து அடிவரை நேர்கோடாகவோ தோல் பிளந்திருக்கும். உள்ளேயிருக்கும் விதை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் பிளவில் ஈ உட்காரும். மறுநாள் பூசணம். அதற்கு மறுநாள் அதைத் தொட நமக்கே மனசு வராது.

போன வருஷம் எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசிக் காய் அப்படித்தான் போனது. எங்கள் தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். தோட்டம் முதலாளியம்மாவுடையது. நான் அதில் தண்ணீர் விடுகிறவன்.

தோட்டம் கொஞ்சம் சரிவான நிலம். இருபத்து நாலு வரிசை. மேட்டில் தண்ணீர்த் தொட்டி, டீசல் மோட்டார் போட்டு நிரப்புவோம். தொட்டியிலிருந்து இரண்டு குழாய் பிரிந்து வரும். மேல் வால்வைத் திறந்தால் மேல் பன்னிரண்டு வரிசைக்குச் சொட்டும். கீழ் வால்வைத் திறந்தால் கீழ்ப் பன்னிரண்டுக்கு. இரண்டும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியின் சாவி ஒன்பது வருஷமாக என் இடுப்பில் தொங்கியது. பள்ளத்தில், கடைசி வரிசைக்கும் கீழே, மழைத் தண்ணீர் வடிந்து போக ஒரு வாய்க்கால். அது என் மச்சினன் பொறுப்பு. மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டேன்.

அவன் வாய் சும்மா இருக்காது. நான் நாற்பத்தேழு வயதில் எழுத்துப் படிக்க வகுப்புக்குப் போக ஆரம்பித்தபோது தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எல்லாரும் இப்பவே மாமாவுக்கு வணக்கம் வச்சிடுங்க. அப்புறம் ஆபீசராயிட்டா நம்மள உள்ள விடமாட்டாரு" என்பான். நான் மண்கட்டியை எடுத்து அவன்மேல் போடுவேன். தடுக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு பள்ளத்துக்கு ஓடுவான்.

வகுப்பு தையல்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் நடந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு. நான் தண்ணீர் விடுகிற நேரமும் அதுதான். ஒரு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் எழுத்தெல்லாம் முகம் தெரியாத ஆட்கள் மாதிரி நிற்கும். அதனால் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுச் சீக்கிரம் மூடிவிட்டு ஓடுவேன்.

போன வருஷம் காய் நிறம் திரும்புகிற சமயத்தில் மேகம் திரண்டது. மேகம் திரண்டால் வால்வை மூடுவது எல்லாத் தோட்டத்திலும் வழக்கம். வானம் தரப்போகிற தண்ணீருக்கு நாம் எதற்கு டீசல் எரிக்க வேண்டும் என்பது கணக்கு. நானும் மூடினேன். மேகம் வந்து வந்து போனது, மழை விழவில்லை. நாலு நாள். அந்த நாலு நாளும் திறந்திருக்கலாம். மேற்பார்வை பார்க்கிறவர்கூட மூன்றாம் நாள், "மழையக் காணோமே, கொஞ்சம் விட்டுப் பாரேன்" என்றார். "வந்துரும்ங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். ஐந்தாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது.

மறுநாள் முதலாளியம்மா வந்து பார்த்தபோது பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. மழை அடித்துக்கொண்டு வந்த வண்டல் வாய்க்காலை அடைத்திருந்தது. முந்தாநாள்தான் வாரினேன் என்று மச்சினன் சொன்னான். சொல்லத்தான் முடிந்தது, காட்ட முடியவில்லை. முதலாளியம்மா என் பக்கம் திரும்பி, "வாய்க்கால் அடைச்சிருந்துச்சா?" என்று கேட்டார்.

"அடைச்சிருந்துச்சும்மா" என்றேன்.

பொய் இல்லை. அதுதான் தொல்லை. மேல் பன்னிரண்டு வரிசையில் ஒரு உள்ளங்கைத் தண்ணீர்கூட நிற்கவில்லை, அங்கேயும் காய் வெடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் வெடித்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் நாலு நாள் மூடியிருந்தது தெரியும். மேற்பார்வை பார்க்கிறவரும் வாயைத் திறக்கவில்லை. மச்சினனை அன்றே போகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு, "மாமா பேரைக் காப்பாத்தத் தெரியலையேடா உனக்கு. ஒரு வாய்க்காலைப் பாத்துக்க முடியலையா?" என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் என் தட்டைப் பார்த்தேன். பாதித் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனவன்தான். நாலு தெரு தள்ளி இருக்கிறான். ஒரு வருஷமாக வரவில்லை.

இந்த வருஷம் வாய்க்காலையும் சேர்த்து நானே பார்த்தேன். பார்த்தேன் என்றால் வெறி பிடித்த மாதிரி. வாரத்துக்கு இரண்டு தடவை மண்வெட்டியோடு இறங்கி, தரை தெரிகிற வரைக்கும் வாரினேன். தோட்டத்தில் காய் பறிக்கிற ஒரு அக்கா உண்டு. நிறுத்தாமல் பேசுவதால் எல்லாரும் அவரை ரேடியோ என்றே கூப்பிடுவோம். "வாய்க்காலா இது, பாயைப் போட்டுப் படுக்கலாம் போலிருக்கே" என்றார் அவர். நான் அடுத்த வெட்டைப் போட்டேன்.

காய் நிறம் திரும்ப ஆரம்பித்த வாரம், திங்கட்கிழமை மத்தியானம், பெட்டி அடுக்குகிற கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தேன். உரக்கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. மேலே பெரிய எழுத்தில் தக்காளி என்று இருந்தது. படிக்கத் தெரிந்த பிறகு, எழுத்து இருக்கிற எதையும் விட்டுவைக்க முடிவதில்லை. தீப்பெட்டியைக்கூடப் படிக்கிறேன். சாப்பாட்டு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினேன்.

மழைக்காலத்தில் தக்காளி வெடிக்காமல் காப்பது எப்படி என்று போட்டிருந்தார்கள். மண் காய்ந்து கிடக்கும்போது திடீரென்று பெருமழை பெய்தால் வேர் ஒரேயடியாகத் தண்ணீரை உறிஞ்சும். காயின் உள்சதை பெருகுகிற வேகத்துக்குத் தோலால் விரிய முடியாது, வெடித்துவிடும். ஆகவே மழைக்கு முந்திய நாட்களில் தண்ணீரை நிறுத்தக் கூடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவாக விட வேண்டும். காய்ந்த மண்ணில் ஒரே நாளில் வெள்ளமாக விட்டாலும் அதே கதிதான். வேரடியில் வைக்கோல் பரப்பலாம். நிறம் திரும்பிய காயை மழைக்கு முன்பே பறித்துவிடலாம்.

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எழுத்துக்காக. இரண்டாம் தடவை விஷயத்துக்காக. மூன்றாம் தடவை, தப்பாகப் படித்திருப்பேனோ என்கிற ஆசையில். தப்பாகப் படிக்கவில்லை. டப்பாவை அப்படியே மூடினேன்.

கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது தொலைவில் மேகம் கட்டியிருந்தது. மேற்பார்வை பார்க்கிறவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். வேலை தொடங்க ஒன்று, சாப்பிட ஒன்று, முடிக்க ஒன்று ஊதுவார். அவர் பேரே விசில்தான். வால்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னய்யா, சாவியக் கையில வச்சிட்டு சாமி கும்பிடுற. மூடியாச்சா?"

"மூடலாமான்னு கேக்கத்தான் நிக்கிறேன்."

"இதுல கேக்க என்ன இருக்கு. அங்க பாரு, வானம் குடம் குடமா தூக்கிட்டு வருது. நீ வேற மோட்டாரப் போட்டு டீசலக் குடிக்க விடணுங்கறியா?"

"மண்ணு காஞ்சு கெடக்குங்க. ஒரு வாரமா நாம பாதித் தண்ணிதான் விடுறோம். இதுல பெருமழை விழுந்தா வேர் ஒரே மூச்சா குடிக்கும். உள்ள ஊதும், தோல் தாங்காது. இப்பவே தினம் கொஞ்சம் விட்டுப் பழக்கிட்டோம்னா மழை வந்தாலும் செடிக்கு அது புதுசா இருக்காது."

"யாரு சொன்னா?"

தாளை நீட்டினேன். கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்பதைச் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

"தாள் அடிக்கிறவனுக்கு என்ன, வெயிலா மழையா. யோவ், போன வருஷம் வாய்க்கால் அடைச்சு வெடிச்சுது. இந்த வருஷம் நீ வாய்க்கால வீட்டுத் தரை மாதிரி வச்சிருக்க. அப்புறம் எங்கருந்து வெடிக்கும்?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். போன வருஷம் வாய்க்காலால் வெடிக்கவில்லை, நான் நாலு நாள் மூடினதால் வெடித்தது, நீங்களே மூன்றாம் நாள் கேட்டீர்கள், நினைவிருக்கிறதா. இதைச் சொல்லியிருந்தால் அவர் தாளை நம்பாவிட்டாலும் என்னை நம்பியிருப்பார். கண்ணால் பார்த்ததை யாரால் மறுக்க முடியும்.

"போன வருஷமும்..." என்று ஆரம்பித்தேன்.

"போன வருஷமும்?"

"ஒண்ணுமில்லைங்க. நல்ல காய் போச்சேன்னு சொல்ல வந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் விசிலைக் கையில் உருட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. "சரி, இவ்வளவு தூரம் சொல்ற. மேல் வால்வ மட்டும் திறந்துக்க. கீழ மூடிடு. டீசல் ஏன் கூடிச்சுன்னு அம்மா கேட்டா உன் தாளக் காட்டு. நான் பொறுப்பில்ல."

"நிறம் திரும்புனத மட்டும் இப்பவே பறிச்சிட்டோம்னா..."

"லாரி சனிக்கிழமைதான் வரும். பச்சையும் செவப்புமா பறிச்சு உன் தலையிலயா அடுக்குறது? போய்யா."

கீழ் வால்வை மூடும்போது அது எப்போதும் போல லேசாகத்தான் திரும்பியது. எனக்குத்தான் கை வலித்தது.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். என் மனைவி வேலை செய்கிற சலவைக்கடையிலிருந்து வந்து, விளக்கைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மத்தியான டப்பாவில் சோறு அப்படியே இருந்தது.

"என்ன, உடம்புக்கு முடியலையா?"

தாளை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் தடுக்கித் தடுக்கிப் படித்து முடிக்கிற வரைக்கும் கரண்டியோடு நின்றாள். பிறகு அந்த நாலு நாளைப் பற்றிச் சொன்னேன். வகுப்பு, மேல் வரிசை, முதலாளியம்மா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், எல்லாம்.

அவள் அடுப்பை அணைத்தாள். குழம்பு பாதிதான் கொதித்திருந்தது.

"அப்ப அவன் மேல தப்பில்லையா?"

"இல்ல."

"சோத்தைப் போட்டு வச்சிட்டுத் திட்டுனேனே. நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"அன்னைக்கு எனக்கு முழுசாத் தெரியாது."

"அரைகுறையாத் தெரியும்ல? அதச் சொல்லியிருந்தா நான் அரைகுறையாத் திட்டியிருப்பேன்."

அவள் சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இத எனக்கு எதுக்குச் சொல்றீங்க," என்றாள் கடைசியில். "என்னையா வேலையை விட்டு அனுப்புனாங்க."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மேல் வரிசைக்குக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டேன். விரலை மண்ணில் இரண்டாம் கணு வரைக்கும் விட்டுப் பார்ப்பேன். மேல் வரிசைகளில் மண் விரலோடு ஒட்டி வந்தது. கீழ் வரிசைகளில் தூள் தூளாக உதிர்ந்தது. மேகம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்தது. எங்கள் தெருவில் துணி காயப் போட்டவர்களெல்லாம் எடுத்துவிட்டார்கள்.

"மழை வரப்போவுது, இவரு தண்ணி விடுறாரு," என்றார் ரேடியோ அக்கா, குச்சியில் செடியைக் கட்டிக்கொண்டே. "விருந்துக்குப் போறவன் வீட்லயே வயிறு முட்டத் தின்னுட்டுப் போன மாதிரி."

"அதேதான்க்கா. பசியோட போறவன்தான் கண்ணு மண்ணு தெரியாமத் தின்னு வயித்தக் கெடுத்துக்குவான்."

அக்கா கையை நிறுத்தினார். "அட, ஆமா. எங்க வீட்டுக்காரரு அப்படித்தான்." பிறகு கீழ் வரிசைகளைப் பார்த்தார். "அப்ப அதுங்க மட்டும் பட்டினியா?"

"விசில் வேண்டாம்னுட்டாரு."

"நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல."

சாவி என்னிடம்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் கீழ் வால்வைக் கால்வாசி திறந்தால் என்ன என்று புதன்கிழமை முழுக்க யோசித்தேன். பெட்டியைக்கூடத் திறந்தேன். தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கினால் விசிலுக்குத் தெரிந்துவிடும், அவர் கேட்பார், கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நின்றேன். பெட்டியை மூடினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை இறங்கியது. முதலில் பத்துப் பெரிய துளி, பிறகு ஒரேயடியாக. எல்லாரும் கொட்டகைக்கு ஓடினோம். தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் விசில் ஊதியதே எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் கன்னம் உப்பியதை வைத்துத்தான் ஊதுகிறார் என்று தெரிந்தது. நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினேன். வாய்க்காலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. எங்கும் தேங்கவில்லை. ஒரு இலைகூட சிக்கவில்லை. ஒரு வருஷமாக வாரின வாய்க்கால் இதற்குத்தான் என்று நினைக்கலாம். நினைக்க முடியவில்லை. அந்தத் தண்ணீர் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு ஓடுவது போலிருந்தது.

சனிக்கிழமை காலை தூறல். முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். செடிக்கு ஒன்று, சிலதில் இரண்டு, காம்போரம் மெல்லிய கீறல். மற்றதெல்லாம் முழுசு. பன்னிரண்டாம் வரிசை வரைக்கும் அப்படியே. பதின்மூன்றாம் வரிசையில் கையை விட்டபோது விரல் ஈரச் சதைக்குள் போனது. அடுத்த காய். அதற்கடுத்தது. நான் திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பின்னால் ரேடியோ அக்கா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து மணிக்கு முதலாளியம்மா குடையோடு வந்தார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நேராகப் பள்ளத்துக்குத்தான் போனார், போன வருஷம் போல. வாய்க்காலைப் பார்த்தார். கடைசி வரிசை மண்ணை மிதித்துப் பார்த்தார்.

"தண்ணி நிக்கலையே," என்றார். "அப்புறம் எப்படி?"

விசில்தான் பதில் சொன்னார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும், எனக்கு இல்லாத தைரியம். "அம்மா, இவன் திங்கட்கிழமையே சொன்னான். தண்ணிய நிறுத்துனா வெடிக்கும்னு தாளக் காட்டுனான். நான்தான் மேல மட்டும் விடச் சொன்னேன். கீழ மூடச் சொன்னது நான்."

முதலாளியம்மா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பன்னிரண்டாம் வரிசைக்கும் பதின்மூன்றாம் வரிசைக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான் இருக்கிறது.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"பதினொண்ணு."

"பதினோரு வருஷம். ஒருத்தன் படிச்சுட்டு வந்து சொல்றான், அதக் காது குடுத்துக் கேக்க முடியல." குரலை உயர்த்தவில்லை. போன வருஷமும் உயர்த்தவில்லை. "விசிலக் கழட்டி இவர்கிட்ட குடுங்க. இனி இவர் பாத்துக்குவாரு. நீங்க மத்தியானம் வந்து கணக்க முடிச்சுக்குங்க."

அவர் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். காதில் மாட்டிக்கொண்டது, நிதானமாக எடுத்தார். என் கையில் வைத்தார். கயிறு நனைந்திருந்தது. விசில் அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. மச்சினனும் அன்று முதலில் அப்படித்தான் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்பது போல.

"அம்மா, போன வருஷமும் இதேதான்," என்றேன்.

"என்ன?"

"போன வருஷம் வாய்க்காலால வெடிக்கல. மழைக்கு முன்னாடி நாலு நாள் ரெண்டு வால்வையும் நான் மூடி வச்சிருந்தேன். இவர் விடச் சொன்னாரு. நான் விடல. விட்டிருந்தா அஞ்சரை மணிக்கு நான் இங்க நிக்கணும். வகுப்புக்குப் போகணும்னு போயிட்டேன்."

"நான் அன்னைக்கு உன்கிட்டதான கேட்டேன்?"

"வாய்க்கால் அடைச்சிருந்துச்சான்னு கேட்டீங்க. அடைச்சிருந்துச்சு. மேல் வரிசையில தண்ணி நிக்கல, அங்க எப்படி வெடிச்சுதுன்னு நீங்க கேக்கல. கேக்கலன்னு நானும் சொல்லல. திங்கட்கிழமை இவர்கிட்ட இதச் சொல்லியிருந்தா கீழயும் விட்டிருப்பாரு. அப்பவும் சொல்லல."

விசில் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவர் சொன்னது அவருக்கும் இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

முதலாளியம்மா கையை நீட்டினார். விசிலைக் கொடுத்தேன். கை நீட்டினபடியே இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அதையும் கொடுத்தேன். விசிலை மேற்பார்வை பார்க்கிறவரிடமே திருப்பிக் கொடுத்தார். "போட்டுக்கங்க" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"சந்தையில மூட்டை இறக்குறான்."

"வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "நீ என்ன பண்றதுன்னு அவன் வந்து சொல்லட்டும். எனக்கு இப்ப உன்னப் பாத்து எதுவும் சொல்லத் தோணல."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். கூட வருகிறாயா என்று கேட்டேன்.

"நீங்க போய் உங்களோடத சொல்லிட்டு வாங்க. என்னோடத நான் தனியாப் போய்ச் சொல்லிக்கிறேன். ரெண்டையும் ஒண்ணா முடிச்சி வச்சா அவன் யாருக்குன்னு கோபப்படுவான்."

சந்தையில் வெங்காய லாரி நின்றுகொண்டிருந்தது. மச்சினன் முதுகில் மூட்டையோடு குனிந்து வந்தான். என் காலைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டிருப்பான். நிற்கவில்லை. மூட்டையைக் கடைக்குள் போட்டுவிட்டு லாரிக்குத் திரும்பினான். நான் கூடவே நடந்தேன். நடந்துகொண்டேதான் சொன்னேன். போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம். அவன் முதுகில் மூட்டை இருக்கும்போது முகம் தெரியாது, அது எனக்கு வசதியாக இருந்தது. அதையும் அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"நில்லுங்க," என்றான். மூட்டை இல்லாமல் எனக்கு நேரே வந்து நின்றான். "இப்பச் சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன்.

"அன்னைக்கே தெரியுமா மாமா?"

"காரணம் தெரியாது. நாலு நாள் மூடுனது தெரியும். மேல வெடிச்சது தெரியும்."

"எனக்கும் தெரியும். மேல வெடிச்சத நானும்தான் பாத்தேன். மாமா சொல்லுவாருன்னு நின்னேன்." வெங்காயத் தோல் அவன் புருவத்தில் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. "நான் சொன்னா தப்பிக்கச் சொல்றேம்பாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. அதனாலதான் நின்னேன்."

லாரிமேல் நின்றவன் அவனைக் கூப்பிட்டான். இவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"கீழ தண்ணி வடிஞ்சுதா?"

"வடிஞ்சுது. சொட்டு நிக்கல."

"யாரு வாருனது?"

"நான்தான். வாரத்துக்கு ரெண்டு தடவ."

"தண்ணி வடிஞ்சும் வெடிச்சுது," என்றான். அதை அவனுக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அவன் தாடை அசைந்தது. அடிப்பானோ என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"வந்தா, வால்வு என்கிட்ட," என்றான். "பெட்டிச் சாவி என்கிட்ட. நீங்க வாய்க்கால்."

"சரி."

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க எனக்காகப் பேச வேண்டாம்."

"சரி."

"வீட்டுக்கெல்லாம் வரமாட்டேன்."

இதற்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் காத்திருக்கவும் இல்லை. லாரிக்குப் போய் முதுகைக் காட்டிக் குனிந்தான்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. அவன் தோட்டத்துக்கு வருகிறான். சாவி அவன் இடுப்பில் இருக்கிறது. என் மனைவி மத்தியானம் சலவைக்கடையிலிருந்து வந்து கொட்டகையில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முதல் வாரம் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். இப்போது ரேடியோ அக்காவைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. வகுப்புக்கு இன்னமும் போகிறேன். ஐந்தரைக்கு எனக்குத் தோட்டத்தில் இப்போது வேலை கிடையாது.

நேற்று இரண்டாம் காய்ப்பு நிறம் திரும்ப ஆரம்பித்தது. மேகமும் வந்துவிட்டது. விசில் வானத்தைப் பார்த்தார், வால்வுப் பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மச்சினன் இரண்டு வால்வையும் திறந்துவைத்துவிட்டு, விரலை மண்ணில் விட்டுப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரிசையாக இறங்கி வந்தான். நிறம் திரும்பிய காயைப் பறிக்கச் சொல்லி அக்காவிடம் கூடையைக் கொடுத்தான். கடைசி வரிசையில் வந்து நின்றான். மழை பிடித்துக்கொண்டது.

"வடியுதா?" என்று கேட்டான். மாமா என்று சொல்லவில்லை.

மண்வெட்டியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"வடியுது."

அவன் தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போனான். வால்வுகள் இரண்டும் திறந்தே இருந்தன.